டிரேட்மார்க் வக்கீல்: பெயர்ப்பலகையைப் பார்க்காதீர்கள், அவர் எழுதிய பதிலைப் படியுங்கள்

டிரேட்மார்க் பதிவு செய்ய வேண்டும் என்றால் நம் ஊரில் தொழில் நடத்துபவர் முதலில் கேட்பது ஆடிட்டரிடம். ஜி.எஸ்.டி. எண் வாங்கித் தந்தவர், வங்கிக் கடனுக்குக் கணக்கு எழுதித் தந்தவர், இதையும் முடித்துத் தருவார் என்ற நம்பிக்கை. அவரும் தெரிந்த ஒருவரிடம் தள்ளிவிடுவார். ஒரு வாரத்தில் விண்ணப்ப எண் வாட்ஸப்பில் வந்துவிடும். பெயரில் வில்லங்கம் இல்லையென்றால் இப்படிச் செய்ததில் குறையொன்றும் வராது; சான்றிதழும் ஒருநாள் வந்து சேரும்.

வில்லங்கம் இருந்தால்தான் சிக்கல். டிரேட்மார்க் பதிவகத்திலிருந்து ஆட்சேபணை வரும், அல்லது எங்கோ ராஜ்கோட்டிலோ இந்தூரிலோ இருக்கும் ஒரு கம்பெனி எதிர்ப்பு மனு போடும். அப்போதுதான் பலரும் ‘நல்ல வக்கீல்’ தேடத் தொடங்குகிறார்கள். அந்த நல்ல வக்கீல் கேஸ் கட்டைப் பிரித்துப் பார்த்தால், ஓட்டை எல்லாம் விண்ணப்பம் போட்ட நாளிலேயே விழுந்திருக்கும். வழக்கு வந்தால் யாரை நம்பிக் கொடுப்பீர்களோ, அவரிடமே விண்ணப்பத்தையும் கொடுங்கள். இந்த அத்தியாயம் அப்படி ஒருவரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றியது.

யார் போடலாம்

1999-ஆம் ஆண்டு டிரேட்மார்க் சட்டத்தின் 145-ஆம் பிரிவுப்படி உங்களுக்காகப் பதிவகத்தின் முன் நிற்கக் கூடியவர்கள் மூன்று வகை: வக்கீல், பதிவு பெற்ற டிரேட்மார்க் ஏஜென்ட், உங்களிடம் மட்டுமே முழுநேரமாக வேலை பார்க்கும் ஊழியர். நீங்களே நேரடியாகவும் போடலாம். ஏஜென்ட் என்பவர் பதிவகத்தின் தேர்வில் தேறியவர். சில ஏஜென்ட்டுகள் வக்கீல்களைவிடக் கெட்டிக்காரர்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் பதிவாளர் மறுத்துவிட்டால் மேல்முறையீடு உயர் நீதிமன்றத்துக்குப் போகிறது. அங்கே ஏஜென்ட் வாதாட முடியாது. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த அறிவுசார் சொத்துரிமை மேல்முறையீட்டு வாரியத்தை 2021-இல் கலைத்துவிட்டார்கள். அதன் வேலை உயர் நீதிமன்றங்களுக்கு வந்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் இதற்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது. ஆகவே ஏஜென்ட்டிடம் போனாலும், ‘கோர்ட்டுக்குப் போக வேண்டி வந்தால் யார் வருவார்?’ என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். ‘அதெல்லாம் வராதுங்க’ என்பது பதில் ஆகாது.

உங்களிடம் கையெழுத்து வாங்குபவர் இந்த மூவரில் யார் என்பதையும் பாருங்கள். டி.எம்.-48 என்ற அதிகாரப் படிவத்தில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டப்படி உங்கள் ஆள். அலுவலகத்தில் சிரித்துப் பேசுபவர் ஒருவர், படிவத்தில் நீங்கள் பார்த்தேயிராத டெல்லிக்காரர் ஒருவர் என்றால், காரணத்தைக் கேளுங்கள்.

‘அனுபவம்’ என்பதை எப்படி அளப்பது

இருபத்தைந்து ஆண்டு வக்கீல் தொழில் என்பார்கள். அந்த இருபத்தைந்து ஆண்டும் செக் மோசடி வழக்கிலும் பாகப்பிரிவினையிலும் கழிந்திருக்கலாம். ‘ஐயாயிரம் விண்ணப்பம் போட்டிருக்கிறோம்’ என்பார்கள். விண்ணப்பம் போடுவது ஆன்லைனில் படிவம் நிரப்புவது. எண்ணிக்கை கூடக்கூட ஒவ்வொன்றிலும் செலவழித்த நேரம் குறைந்திருக்கும் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

இந்தத் துறையில் வாடிக்கையாளருக்கு ஒரு வசதி உண்டு. மற்ற வழக்குகளில் இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. டிரேட்மார்க் பதிவகத்தின் ஆவணங்கள் பெரும்பாலும் பொதுவில் திறந்து கிடக்கின்றன. பதிவகத்தின் இணையதளத்தில் ஒரு விண்ணப்ப எண்ணைப் போட்டால், யார் பெயரில் விண்ணப்பம், எந்தத் தேதியிலிருந்து பயன்பாடு, எந்த வக்கீல், இப்போது என்ன நிலை என்பதெல்லாம் வரும். அதோடு விடாமல் ஆவணங்கள் பகுதியைத் திறந்தால் பதிவகத்தின் ஆட்சேபணை அடங்கிய பரிசோதனை அறிக்கையும் அதற்கு வக்கீல் எழுதிய பதிலும் பி.டி.எஃப். ஆக இருக்கும். கட்டணம் கிடையாது.

எனவே வக்கீலிடம் நேராகவே கேளுங்கள்: ‘சார், எங்கள் தொழிலில் ஆட்சேபணை வந்து நீங்கள் ஜெயித்த நம்பர் இரண்டு சொல்லுங்கள், ஜெயிக்காத ஒன்றும் சொல்லுங்கள்.’ வேலை தெரிந்தவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கேட்கக் கூச்சமாக இருந்தால் வேறு வழியும் உண்டு. உங்கள் சரக்குக்குரிய கிளாஸில், அதாவது பதிவகம் சரக்குகளைப் பிரித்திருக்கும் வகையில், போட்டியாளர்களின் பெயர்களைத் தேடுங்கள். ஆட்சேபணையைத் தாண்டிப் பதிவானவற்றில் வக்கீல் பெயர் இருக்கும். திங்கள்தோறும் வெளியாகும் டிரேட்மார்க் ஜர்னலிலும் ஒவ்வொரு குறியோடும் வக்கீலின் பெயரும் முகவரியும் அச்சாகிறது.

இப்போது அந்தப் பதிலைப் படியுங்கள். ஆங்கிலத்தில் இருக்கும், மகளையோ மருமகனையோ பக்கத்தில் உட்கார வையுங்கள். சட்ட அறிவு வேண்டியதில்லை, மூன்று விஷயம் பார்த்தால் போதும். பரிசோதகர் பிரிவு 11-இன்கீழ் நான்கு பழைய குறிகளைச் சுட்டிக்காட்டியிருந்தால், பதில் அந்த நான்கையும் பெயர் சொல்லி, ஒவ்வொன்றும் எப்படி வேறு என்று பேசுகிறதா? வியாபாரத்துக்கான சான்றாகப் பழைய பில், விளம்பரம், ஜி.எஸ்.டி. கணக்கு எதையாவது இணைத்திருக்கிறதா? மூன்றாவது, அதே வக்கீலின் இன்னொரு பதிலைத் திறந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்பளத்துக்கு எழுதியதும் ஆயத்த ஆடைக்கு எழுதியதும் குறியின் பெயர் தவிர எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், உங்களுக்கு வரப்போவதும் அதே பிரதிதான். முப்பது நாளுக்குள் ஏதோ ஒரு பதில் போய்ச்சேர வேண்டும் என்பதற்காகவே எழுதிய பதில்கள் இங்கே ஏராளம். அதற்குப் பிறகு ஹியரிங்கில் சொல்ல ஒன்றுமிருக்காது.

முதல் சந்திப்பு: அவர் என்ன கேட்கிறார்

முதல் சந்திப்பில் நீங்கள் கேட்கும் கேள்வியைவிட வக்கீல் கேட்கும் கேள்விதான் அவரைக் காட்டிக்கொடுக்கும். பெருந்துறைப் பக்கம் ஒருவர் செக்கு எண்ணெய் ஆட்டி விற்கிறார், பெயர் ‘கொங்கு மரச்செக்கு’ என்று வைத்துக்கொள்வோம். இரண்டு விதமான உரையாடல் நடக்கலாம்.

முதல் வகை:

“பேரு நல்லா இருக்குங்க. ஆதார், பான் அனுப்பிடுங்க. நாளைக்கே போட்டுடலாம்.”

இரண்டாவது வகை:

“எப்போலேர்ந்து இந்தப் பேர்ல விக்கிறீங்க?”

“ஆறு வருஷமா, சார்.”

“பழைய பில் இருக்கா? முதல் லேபிள் அச்சடிச்ச பிரஸ் பில்லாவது?”

“தேடிப் பாக்கணும்.”

“தேடுங்க. தலைக்குத் தேய்க்கிற எண்ணெயும் இதே பேர்லதானா? விளக்கு எண்ணெய்?”

“ரெண்டும் உண்டு, சார்.”

“அப்போ மூணு கிளாஸ் ஆகுது. அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். கொங்குங்கிறது ஊர்ப் பேரு. மரச்செக்குங்கிறது எண்ணெய் ஆட்டுற முறை. ரெண்டும் உங்களுக்கு மட்டும்னு யாரும் தரமாட்டாங்க.”

இரண்டாமவரிடம் பேசிவிட்டு வெளியே வரும்போது மனசு கனத்துத்தான் இருக்கும். ஆனால் பணம் கொடுக்க வேண்டியது அவருக்குத்தான்.

அவர் கேட்ட ஒவ்வொன்றுக்கும் பின்னால் காரியம் இருக்கிறது. முதலில் தேதி. நம் சட்டத்தில் முதலில் பதிவு செய்தவரைவிட முதலில் பயன்படுத்தியவருக்குப் பலம் அதிகம். 34-ஆம் பிரிவு அதைக் காப்பாற்றுகிறது. விண்ணப்பத்தில் ‘இன்ன தேதியிலிருந்து பயன்படுத்துகிறேன்’ என்று எழுதினால் பிரமாணப் பத்திரமும் சான்றும் இணைக்க வேண்டும். ‘இனிமேல் பயன்படுத்தப் போகிறேன்’ என்று எழுதினால் எதுவும் வேண்டாம். இந்தச் சோம்பேறித்தனத்துக்காகவே, அப்பா காலத்திலிருந்து விற்கும் சரக்குக்குக்கூட ‘பயன்படுத்தப் போகிறேன்’ என்று போட்டுவிடும் அலுவலகங்கள் உண்டு. நாளை ஒரு எதிர்ப்பு வந்து, ‘நான்தான் முதலில் விற்றேன்’ என்று நீங்கள் வாதாடும்போது, எதிர்த்தரப்பு உங்கள் விண்ணப்பத்தையே எடுத்து நீட்டும். பழைய பில்லைக் கேட்காத வக்கீலை நான் இரண்டாம் முறை பார்க்க மாட்டேன்.

அடுத்தது கிளாஸ். மொத்தம் 45. சமையல் எண்ணெய் 29-இல் வரும், தலைக்குத் தேய்ப்பது 3-இல், விளக்கு எண்ணெய் 4-இல், கடை நடத்துவது 35-இல். எல்லாவற்றிலும் போடச் சொல்பவரும் தவறு, ஒன்று போதும் என்று யோசிக்காமல் சொல்பவரும் தவறு. கிளாஸுக்குக் கிளாஸ் கட்டணம் கூடும். பயன்படுத்தாமல் ஐந்து ஆண்டுக்கு மேல் கிடக்கும் பதிவை நீக்கச் சொல்லி மற்றவர் மனுப் போடவும் முடியும்.

பிறகு பெயர். சரக்கின் குணத்தையோ ஊரையோ வெறுமனே சொல்லும் பெயருக்குப் பிரிவு 9 குறுக்கே நிற்கும். பெரிய கம்பெனிக்கும் இதில் சலுகை இல்லை. நூடுல்ஸ் பாக்கெட்டில் ‘மேஜிக் மசாலா’ என்ற பெயருக்காக ஐ.டி.சி. நிறுவனம் நெஸ்லேமேல் தொடுத்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2020-இல் தள்ளுபடி செய்தது. ‘மேஜிக்’ என்பது எல்லோரும் சரக்கைப் புகழப் பயன்படுத்தும் சொல், அதை ஒருவர் தனதாக்கிக்கொள்ள முடியாது என்றது. இந்தச் சிக்கலைச் சில அலுவலகத்தார் தந்திரமாகத் தாண்டுவார்கள்: பெயரைத் தனியாகப் போடாமல் வண்ண லேபிளாகப் போட்டுப் பதிவு வாங்கிவிடுவார்கள். சான்றிதழ் கைக்கு வரும். ஆனால் உங்களுக்குக் கிடைத்த உரிமை அந்த முழு லேபிளுக்குத்தான், அதிலுள்ள பொதுச் சொல்லுக்கு அல்ல. போட்டியாளர் லேபிளை மாற்றி அதே சொல்லைப் போட்டால் உங்கள் கை கட்டப்பட்டிருக்கும். லேபிளாகப் போடுவது குற்றமில்லை. இந்த வித்தியாசத்தை உங்களிடம் சொல்லாமல் போடுவதுதான் குற்றம்.

கடைசியாக, அவர் கேட்காமலே செய்ய வேண்டிய ஒன்று: தேடல். தமிழ்ப் பெயர்களில் வக்கீலின் தரம் இங்கேதான் தெரியும். பதிவகத்தின் தேடுபொறி ஆங்கில எழுத்துக்கூட்டலில் ஓடுகிறது. ‘தாழம்பூ’ என்ற பெயரில் வரும் ழகரத்துக்கு ஒருவர் இஸட்-ஹெச் போடுவார், இன்னொருவர் எல் போடுவார். கடைசி ஊகாரத்துக்கு இரண்டு ஓ, அல்லது ஒற்றை யு. ஒரே கூட்டலில் தேடிவிட்டு ‘யாரும் இல்லை’ என்று சொல்பவர் தேடவே இல்லை. ஒலிவழித் தேடல் தனியாக உண்டு, அதையும் பார்க்க வேண்டும். ஓசை எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு நம் ஊர் வழக்கே இருக்கிறது. சென்னையில் ‘ஸ்ரீ அம்பாள்’ மூக்குப்பொடி விற்றவர்களுக்கும் ‘ஸ்ரீ ஆண்டாள்’ மூக்குப்பொடிக்குப் பதிவு கேட்டவருக்கும் நடந்த தகராறு உச்ச நீதிமன்றம் வரை போனது. அம்பாள் பார்வதி, ஆண்டாள் வைணவம் போற்றும் திருப்பாவை தந்தவள். நமக்குக் குழப்பமே வராது. ஆனாலும் 1969-இல் உச்ச நீதிமன்றம் ஓசையில் இரண்டும் நெருக்கம் என்று சொல்லி ஆண்டாளுக்குப் பதிவை மறுத்தது. ‘அர்த்தம் வேறுதானே சார்’ என்று நீங்கள் சொல்லும்போது இந்த வழக்கை எடுத்துச் சொல்லி மறுக்கத் தெரிந்தவர் கிடைத்தால் விடாதீர்கள்.

எழுந்து வந்துவிட வேண்டிய இடங்கள்

‘மூன்றே மாதத்தில் சான்றிதழ்.’ சாத்தியமே இல்லை. விண்ணப்பம் ஏற்கப்பட்டு ஜர்னலில் வெளியான பிறகு, பிறர் எதிர்க்க நான்கு மாதம் காத்திருக்க வேண்டும் என்பது சட்டம். கூடுதல் கட்டணம் கட்டிப் பரிசோதனையைத் துரிதப்படுத்தலாம். அந்த நான்கு மாதத்தை யாரும் சுருக்க முடியாது. ‘மூன்று நாளில் டிரேட்மார்க்’ என்று விளம்பரத்தில் வருவது வெறும் விண்ணப்ப எண்.

‘விண்ணப்பம் போட்டாச்சு, வட்டத்துக்குள் ஆர் போட்டுக்கலாம்.’ பதிவாகாத குறியைப் பதிவானது என்று காட்டுவது 107-ஆம் பிரிவின்கீழ் அபராதத்துக்குரிய தவறு. டி.எம். என்ற இரண்டெழுத்தை மட்டும் போடலாம். இதுகூடத் தெரியாதவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

‘நூறு சதவீதம் கிடைக்கும்’, ‘கிடைத்தால் மட்டும் ஃபீஸ் கொடுங்கள்.’ வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதை பார் கவுன்சில் விதிகள் தடுக்கின்றன. வக்கீல் விளம்பரம் செய்வதும் தடை. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், வக்கீல்களை ஆன்லைனில் தரம் பிரித்து விற்கும் தளங்கள்மீது நடவடிக்கை எடுக்கும்படி பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. ஆகவே நட்சத்திர மதிப்பெண்ணைப் பார்த்து வக்கீல் பிடிப்பதை விட்டுவிடுங்கள்.

இன்னொன்று, எடுத்த எடுப்பில் ‘போட்டியாளருக்கு நோட்டீஸ் விட்டுடலாம்’ என்பவர். ஆதாரமில்லாமல் மிரட்டினால் 142-ஆம் பிரிவின்படி எதிராளி உங்கள்மேல் வழக்குப் போடலாம். உங்கள் பதிவையே ரத்து செய்யக் கேட்டும் போகலாம். நோட்டீஸ் எழுதும் முன் உங்கள் வீட்டு ஓட்டை உடைசலை முதலில் சோதிப்பவரே நிதானமான வக்கீல்.

பணம்

அரசுக் கட்டணம் நிலையானது: ஒரு குறிக்கு, ஒரு கிளாஸுக்கு, ஆன்லைனில் போட்டால் தனிநபர், ஸ்டார்ட்அப், சிறுதொழில் ஆகியோருக்கு 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000. பெருந்துறைக்காரருக்கு மூன்று கிளாஸ் என்றால் 13,500. சிறுதொழில் சலுகைக்கு உத்யம் சான்றிதழ் வேண்டும். உங்களிடம் 9,000 கணக்கில் வாங்கிக்கொண்டு 4,500 கட்டும் வேலையும் நடக்கிறது. பதிவகத்தின் ரசீதைக் கேட்டு வாங்குங்கள், தொகை அதிலேயே இருக்கும்.

வக்கீல் கட்டணத்துக்கு அளவுகோல் கிடையாது. குறைவான தொகை என்று மயங்கவும் வேண்டாம், அதிகம் வாங்குபவர்தான் கெட்டிக்காரர் என்று நினைக்கவும் வேண்டாம். சொல்லும் தொகையில் எதுவரை அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள்: தேடல், விண்ணப்பம், ஆட்சேபணைக்குப் பதில், ஹியரிங், எதிர்ப்பு வந்தால் எதிர்வாக்குமூலம், சாட்சியம். ‘எல்லாம் சேர்த்து’ என்ற சொல்லுக்கு ஒவ்வொரு அலுவலகத்திலும் ஒவ்வோர் அர்த்தம். மலிவு விலைத் திட்டங்கள் பெரும்பாலும் விண்ணப்பத்தோடு முடிந்துவிடும். ஆட்சேபணை வந்ததும் புது பில் வரும்.

கையெழுத்துப் போடும்போதும் பிறகும்

உங்கள் போட்டியாளருக்கு அவர் வேலை செய்கிறாரா என்று கேளுங்கள். ஒரே ஊரில் ஒரே தொழிலில் நான்கு பேருக்கு ஒரே வக்கீல் என்பது சிவகாசி, திருப்பூர், கரூர் போன்ற ஊர்களில் சாதாரணம். இருந்தால் தப்பில்லை, மறைத்தால் தப்பு. உங்கள் கட்டை யார் கையாளப்போகிறார் என்றும் கேட்டு, அந்த ஜூனியரையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஹியரிங்குகள் இப்போது வீடியோவில் நடக்கின்றன. எனவே பதிவு வேலைக்குச் சென்னை கிண்டியிலுள்ள பதிவக அலுவலகத்துக்குப் பக்கத்தில் இருப்பவரே வேண்டும் என்பதில்லை. கோவை, மதுரை வக்கீலே போதும்.

விண்ணப்பம் யார் பெயரில் என்பதை நீங்களே எழுத்துக்கூட்டிப் பாருங்கள். பார்ட்னர்ஷிப் தொழிலுக்கு ஒரு பார்ட்னரின் சொந்தப் பெயரில் போட்டுவிட்டு, பிரிவினை வரும்போது தலையில் கைவைப்பவர்கள் உண்டு. அடுத்தது மின்னஞ்சல். பதிவகம் அனுப்பும் அறிக்கையும் எதிர்ப்பு மனுவும் வக்கீலின் முகவரிக்குத்தான் போகும். அவர் அலுவலகம் மாறினாலோ, உடம்பு முடியாமல் போனாலோ, உங்களுக்குத் தகவலே வராது. ஆனால் கெடு ஓடிக்கொண்டிருக்கும். பரிசோதனை அறிக்கைக்குப் பதில் சொல்ல ஒரு மாதம். எதிர்ப்புக்கு எதிர்வாக்குமூலம் போட இரண்டு மாதம். அது தவறினால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். நீட்டிப்பு இல்லை. வந்த கடிதம் எல்லாவற்றையும் இரண்டு நாளுக்குள் உங்களுக்கு அனுப்பிவிட வேண்டும் என்று கட்டண ஒப்பந்தத்திலேயே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். அதையும் நம்பியிராமல் மாதம் ஒருமுறை விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையை நீங்களே பாருங்கள்.

வக்கீல் சரியில்லை என்றால் மாற்றலாம். பதிவகத்தில் புதிய அதிகாரப் படிவத்தோடு விண்ணப்பித்தால் போதும். நீதிமன்ற வழக்கென்றால் பழைய வக்கீலிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்குவது வழக்கம். பாக்கி இருக்கிறது என்று சொல்லிக் கட்டைத் தரமறுத்தால் பயப்பட வேண்டாம். கட்டணத்துக்காகக் கட்சிக்காரரின் ஆவணங்களைப் பிடித்துவைக்கும் உரிமை வக்கீலுக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. பாக்கியைத் தனியாகப் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள், கட்டை எழுத்து மூலமாகக் கேட்டு வாங்குங்கள்.